பிரெஞ்சு ஈசல்

காரைக்கால் பழைய சிப்பாய்கள் சங்கத்துக்குப் பிரான்சிலுள்ள தூலோனிலிருந்து கணினி வந்து சேர்ந்தது ஓர் ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை. பார்சலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது தாம்பாளம் அளவுக்கு ஒரு கறுப்புப் பலகை, அதில் அழிரப்பர் துண்டுகள் மாதிரி வரிசை வரிசையாக நாற்பது பொத்தான்கள், ஒரு வயர், இரண்டு கேசட், ஒரு புத்தகம், அவ்வளவுதான். திரை எங்கே என்று எல்லாரும் அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்க, திரைக்கு உங்கள் ஊர் டிவியே போதும் என்று அனுப்பியவர் எழுதியிருந்ததைச் சங்கத்துச் செயலாளர் ரோசாலிதான் சத்தமாகப் படித்துச் சொன்னாள்.

ரோசாலிக்கு நாற்பத்தோரு வயது. கான்வென்டில் காலையில் பிரெஞ்சும் மாலையில் கிராஸ் ஸ்டிச் தையலும் சொல்லிக்கொடுத்தாள். இருபத்தைந்து வயதில் வந்த வரன்களை அவள் வேண்டாமென்றாள், முப்பதில் வந்த வரன்கள் அவளை வேண்டாமென்றன, அதன் பிறகு இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் இருந்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் பத்தொன்பது வருஷம் இருந்துவிட்டு வந்த அப்பாவுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு, சங்கத்துக் கடிதங்களை எழுதிக்கொண்டு, யாரிடமும் குரலை உயர்த்தாமல் இருந்தாள்.

சங்கத் தலைவர் முசே ஒக்தாவ் பார்சல் மேல் கையை வைத்துக்கொண்டு அறிவித்தார். "ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய விழாவுக்குப் பாரீசிலிருந்து ஒரு பெரிய மதாம் வர்றாங்க. வருஷா வருஷம் பேர் வாசிப்போமே, இந்த வருஷம் ரிஜிஸ்தர் கிடையாது. டிவியில பேர் வரும். மதாம் டிவியைப் பாத்து வாசிப்பாங்க. எம் பெண்சாதிக்கும் அதுதான் ஆசை." பக்கத்தில் நின்ற அவர் மனைவி மதாம் ஜெர்மேன் வாயைத் திறக்கப் போனாள், அதற்குள் அவரே, "ஆமா, அவளுக்கு ரொம்பச் சந்தோஷம்" என்று முடித்தார். முப்பத்திரண்டு வருஷமாக அப்படித்தான். அவளுக்குப் பசித்தால்கூட அவர்தான் சொல்வார்.

பேர் வாசிப்பு என்பது அந்தச் சங்கத்தில் சின்ன விஷயமில்லை. வருஷத்தில் ஒரு நாள், ஒவ்வொருவர் பேரும் முழுசாக, சத்தமாக வாசிக்கப்படும்; பேருக்குரியவர் எழுந்து நின்று "ப்ரெஸான்!" என்று, இதோ இருக்கிறேன் என்று, பதில் சொல்வார். மூட்டுவலிக்காரர்கள் அந்த ஒரு எழுந்திருத்தலுக்காக ஒரு மாதம் தைலம் தேய்ப்பார்கள்.

கணினியை டிவியோடு சேர்த்து வைக்க மெக்கானிக் நோயெல் வந்தார். அவரும் சிப்பாய் மகன்தான், வாரிசு உறுப்பினர். மனைவி தவறிப்போய் எட்டு வருஷம். ஊரில் உள்ள அத்தனை டிவியின் முதுகையும் பார்த்தவர். ஆன்டெனா சொருகும் இடத்தில் வயரைச் சொருகி, ஒரு திருகாணியைத் திருகித் திருகி, புள்ளிமழை நின்று வெள்ளைத் திரை வந்ததும், "டைப் பண்ணுங்க டீச்சர்" என்றார்.

ரோசாலி ரிஜிஸ்தரைத் திறந்து வைத்துக்கொண்டு முதலில் தன் அப்பா பேரை அடித்தாள். ரெனே சூசைநாதன். R, E, N, E என்று நான்கு எழுத்து வந்தது, நான்காவது எழுத்தின் தலைக்கு மேல் இருக்க வேண்டிய கீற்று வரவில்லை. எந்தப் பொத்தானிலும் அது இல்லை. இங்கிலீஷ் எழுத்துகளும் எண்களும் சில கொக்கி வளைவுகளும் மட்டுமே தெரிந்த பெட்டி அது. எழுத்துக்கு மேலே கீழே எதையும் சுமந்து அதற்குப் பழக்கமில்லை.

நம் எழுத்தில் 'க்' மேலிருக்கும் புள்ளியை எடுத்துவிட்டால் அது எப்படி வாயைத் திறந்துகொண்டு 'க' ஆகிவிடுமோ, அதற்கு நேர்மாறாக, அந்தக் கீற்றை எடுத்துவிட்டால் பிரெஞ்சு எழுத்து வாயை மூடிக்கொள்ளும். ரெனே, ரென் ஆகிவிடுவார்.

"இருக்கிறதை வச்சு அடிச்சுடுவோம், படிக்கிறவங்களுக்குத் தெரியாதா" என்றாள் ரோசாலி.

அப்போதுதான் டிவியின் முதுகில் காற்றுப்போக வைத்திருக்கும் துளை ஒன்றிலிருந்து ஒரு சின்னக் கறுப்புக் கீற்று வெளியே வந்தது. அரிசி நீளம். வலப்பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தது. ஒரு சுற்றுச் சுற்றி, நோயெலின் ஸ்க்ரூடிரைவர் நுனியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

"டீச்சர், ஒண்ணு போகுது."

"ஈசலா இருக்கும்."

"மழையே பெய்யலையே" என்றார் நோயெல். ஆனாலும் இருவரும் வேலையைப் பார்த்தார்கள். அந்த்ரே போட்டபோது ஒன்று போயிற்று, எத்தியென் போட்டபோது ஒன்று போயிற்று, ஜெரோம் போட்டபோது கீற்று ஒன்றும் தொப்பி மாதிரி ஒன்றுமாக இரண்டு போயின, ஃப்ரான்சுவா போட்டபோது எழுத்தின் காலடியில் தொங்கும் வால் ஒன்று தத்தித் தத்திப் போயிற்று, நோயெல் தன் பேரைத் தானே அடித்துப் பார்த்தபோது இரண்டு புள்ளிகள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டது மாதிரி சேர்ந்தே போயின. சாயங்காலம் நூற்று முப்பத்தேழு பேர்களும் முடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் முழுக்கக் கறுப்பாக இருந்தது. ரிஜிஸ்தரைப் பார்த்தால் அதிலும் குறிகள் இல்லை. மை இருந்த இடம் சலவை செய்தது போல வெள்ளையாக இருந்தது.

வீட்டுக்குப் போனால் அப்பா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த சட்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

அந்தச் சட்டத்துக்குள் இருந்தது ஒரே ஒரு தாள். பதினெட்டு வயதில் அவரைப் பட்டாளத்தில் பதிந்த குமாஸ்தா அவசரத்தில் கீற்றைப் போடாமல் விட்டதால், பத்தொன்பது வருஷம், பாலைவனத்திலும் பனியிலும் கப்பலிலும், அவர் ரென்னாகவே இருந்தார், "ரென்!" என்று கூப்பிட்டால் இன்னொருவனைக் கூப்பிடுகிறார்கள் என்று அரை நொடி திகைத்து, அந்த அரை நொடிக்காகத் தண்டனையும் வாங்கியிருக்கிறார். ஊர் திரும்பியபின் எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார், ரோசாலி ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது திருத்தின தாள் வந்தது. அன்றைக்குத் தெருவுக்கே பிரியாணி போட்டார்.

"அம்மாடி" என்றார், திரும்பாமல். "இங்க ஒண்ணு இருந்துச்சே."

"பப்பா, அது வந்து..."

"உன் மெஷினா?"

அவள் தலையாட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். அதற்கப்புறம் அவர் அவளிடம் பேசவில்லை. சாப்பாடு வேண்டுமானால் காலண்டரிடம் சொன்னார்.

பேச்சு நின்றதைவிட மோசமானது மறுநாள் தெரிந்தது. கோயிலில் சாமியார் அவரைப் பார்த்து, "வாங்க ரென்" என்றார். பால்காரர் ரென் ஐயா என்றார். ரோசாலியே தனியாகச் சமையலறையில் நின்று, ரெனே, என்று சொல்லிப் பார்த்தாள். நாக்கு கடைசி எழுத்தின் படியில் கால் வைக்கப் போய் வழுக்கிக் கீழே வந்தது. ரென். இன்னொரு தடவை. ரென். ஊரில் யாருக்கும் அந்தப் பேர் வரவில்லை. நோயெலைக் கூட நொல், நொல் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர், "நொல்லோ நெல்லோ, டிவி ரிப்பேரானா வந்துதானே ஆகணும்" என்று சிரித்துக்கொண்டார்.

குறிகளோ ஊருக்குள் இறங்கிவிட்டன. காரைக்கால் எத்தனையோ கப்பலையும் கொடியையும் பார்த்த ஊர் என்பதால் இதற்கும் இரண்டு நாளில் பழகிவிட்டது. பிள்ளைகள் அதற்குப் பிரெஞ்சு ஈசல் என்று பேர் வைத்தார்கள், பெரியவர்கள் அதில் எது எதற்கு உதவும் என்று பார்த்து வைத்துக்கொண்டார்கள். இடப்பக்கமிருந்து கீழே சரியும் கீற்று தொட்டில் கயிற்றில் உட்கார்ந்தால் அழுகிற பிள்ளை குரல் இறங்கித் தூங்கிவிடும் என்று கண்டுபிடித்து, கைக்குழந்தைக்காரிகள் அதை முறை வைத்து வாங்கிக்கொண்டார்கள். கடினமான எழுத்தை மென்மையாக்கும் அந்த வால், வட்டாட்சியர் அலுவலகத்தில் யாரையும் உட்காரச் சொல்லாத ஒரு குமாஸ்தாவின் நாற்காலிக்கு அடியில் போய்த் தொங்கியது. மறுநாள் அவர் வந்தவர்களுக்கெல்லாம் மோர் வரவழைத்தார். தொப்பிக்குறி வேறு விதம். அது முன்னொரு காலத்தில் இருந்து பிறகு விழுந்துபோன எழுத்தின் இடத்தில் நிற்பது என்பதால், யாராவது இருந்து போன இடமாகப் பார்த்து உட்கார்ந்தது. ஒரு வீட்டில் சாப்பாட்டு மேசையின் காலி முனையில், ஒரு கடையில் பழைய முதலாளியின் முக்காலிக்கு மேல். அந்த வீடுகளில் அன்றைக்கு அவர்களைப் பற்றிப் பேசினார்கள், சிரித்துக்கொண்டே பேசினார்கள், அவர்கள் குறட்டை விட்ட விதத்தை நடித்துக் காட்டினார்கள்.

இரட்டைப் புள்ளி போனது முசே ஒக்தாவ் வீட்டுக்கு. ஒட்டி நிற்கும் இரண்டு எழுத்தும் ஒரே சத்தமாகக் கரைந்துவிடாமல் அவையவற்றுக்கு அதனதன் குரலைக் கொடுப்பது அதன் வேலை. அது மதாம் ஜெர்மேனின் கொண்டைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நின்றது.

ரோசாலி ஏதோ கையெழுத்துக்காக அங்கே போயிருந்தாள். "காப்பி குடிக்கிறியா ரோசாலி? எங்களுக்கு இப்பதான் ஆச்சு, எங்களுக்குச் சர்க்கரை கம்மியா இருந்தாத்தான் பிடிக்கும்" என்றார் ஒக்தாவ்.

"எனக்கு மூணு ஸ்பூன் வேணும்" என்றாள் ஜெர்மேன்.

பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒக்தாவ் திரும்பிப் பார்த்தார்.

"முப்பத்திரண்டு வருஷமா கசப்புக் காப்பி குடிக்கிறேன். வாத்துக்கறி எனக்குப் பிடிக்காது. உங்க அண்ணன் பாட்டும் பிடிக்காது. ஆனா உங்களைப் பிடிக்கும், அதை நீங்க யார்கிட்டயும் சொன்னதே இல்ல, அதனால நானே சொல்றேன்."

முசே ஒக்தாவ் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, சர்க்கரை டப்பாவைத் தேடினார். அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை, அவளே சொன்னாள்.

ரோசாலி சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தாள். ஆனால் கூடத்தில் அப்பா காலண்டரைப் பார்த்து, "ஜூலை பதினாலுக்கு நான் போகல. ரென்னுன்னு எவனாவது இருந்தா அவன் போகட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பத்தொன்பது நாள் இருந்தது.

அன்று தையல் வகுப்பில் ஒரு பெண் கைக்குட்டை மூலையில் தன் பேரைக் கிராஸ் ஸ்டிச் போட்டுக்கொண்டிருந்ததை மேற்பார்வை செய்யக் குனிந்த ரோசாலி அப்படியே நின்றுவிட்டாள். துணியில் எழுத்து என்று ஒன்று கிடையாது, கட்டம் கட்டமாகத் தைத்த புள்ளிகள்தான் எழுத்தாகத் தெரிகின்றன. டிவியை மிகக் கிட்டே போய்ப் பார்த்தபோது அதிலும் அப்படித்தானே இருந்தது!

நோயெலின் கடைக்கு ஓடினாள். அவர் கணினியோடு வந்த புத்தகத்தை ஏற்கெனவே பாதி படித்திருந்தார். "ஆமா டீச்சர். ஒவ்வொரு எழுத்தும் எட்டுக்கு எட்டு கட்டம். கட்டத்தை எண்ணாக்கிக் குடுத்தா நாம சொல்ற உருவத்தை அது போடும். ஆனா புது இடம் கிடையாது. இருக்கிற எழுத்துல ஏதாவது ஒண்ணு எழுந்து இடம் குடுக்கணும்."

இருவரும் சங்கத்துக்கு வந்து பெட்டி முன்னால் உட்கார்ந்தார்கள். நெளிந்த அடைப்புக்குறி ஒன்று இருந்தது, சங்கத்தில் யாருக்கும் அது எதற்கென்று தெரியாது. அதை எழுப்பிவிட்டார்கள். ரோசாலி சதுரத் தாளில் பென்சிலால் புள்ளி வைத்தாள். பெரிய E எழுத்து எட்டு வரிசையையும் அடைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றது, கீற்றுக்கு இடமே இல்லை. அழித்தாள். எழுத்தைக் குனியவைத்தாள். கீழே ஐந்து வரிசைக்குள் அது அடங்க, நடுவே ஒரு வரிசை மூச்சு விட இடம், மேலே இரண்டு வரிசையில் கீற்று. நோயெல் வரிசை வரிசையாகக் கூட்டி, ஜெபமாலை சொல்வது போலச் சொன்னார்: "பன்னிரண்டு, இருபத்துநாலு, பூஜ்யம், நூத்தி இருபத்தாறு, அறுபத்துநாலு, நூத்தி இருபத்துநாலு, அறுபத்துநாலு, நூத்தி இருபத்தாறு." அவள் அடித்தாள். திரையில் ஒரு சின்ன எழுத்து, தலைக்கு மேல் கீற்றுக்கான இடம் வெளிச்சமாக, காலியாக, மணமேடை மாதிரி காத்துக்கொண்டு நின்றது. வேப்பமரத்தில் மிச்சமிருந்த கீற்றுகளில் ஒன்று ஜன்னலுக்கு வந்தது, எட்டிப் பார்த்தது, டிவியின் முதுகுத் துளைக்குள் நுழைந்து திரையில் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அந்த்ரே என்று வாசித்தார் நோயெல். நாக்கு வழுக்கவில்லை.

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். பிறகு கையை விட்டுவிட்டு, அவர் ஸ்க்ரூடிரைவரைத் தேடினார், அவள் பென்சிலைத் தேடினாள்.

அந்த நிமிஷம் கரண்ட் போயிற்று. பெட்டிக்கு எல்லாம் மறந்துவிட்டது. கீற்று வெளியே வந்து, கோபமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மரத்துக்கே போனது. அதனால் மற்ற குறிகளுக்கும் இதே மாதிரி இடம் செய்து, எண்களையெல்லாம் கேசட்டில் பதிந்து வைத்தார்கள். கரண்ட் வரும்போதெல்லாம் கேசட் கீச்கீச்சென்று கத்தி அந்த உருவங்களைப் பெட்டிக்கு மறுபடி ஞாபகப்படுத்தும்.

ஊரில் தண்டோரா போடாத குறையாகச் செய்தி போனது: சங்கத்துக்குக் குறிகள் வேண்டும். ஜனங்கள் முகம் சுளிக்கத்தான் செய்தார்கள். ஆனாலும் கொண்டுவந்தார்கள். டிபன் பாக்சில் கொண்டுவந்தார்கள், குடைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார்கள், தொட்டில்காரிகள் பிள்ளையோடு சேர்த்தே தூக்கிவந்தார்கள். அந்தக் குமாஸ்தா தன் நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்து வாலை ஒப்படைத்துவிட்டு, கூடியிருந்தவர்களைப் பார்த்து, உட்காருங்கள் என்றார், வால் போனபின்னும். மதாம் ஜெர்மேன் புள்ளிகளோடு வந்தபோது நோயெல் எழுந்து நின்றார்.

"மதாம், அது உங்ககிட்டயே இருக்கட்டும். என்னை நொல்லுன்னு வாசிச்சா நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"வேணாம் தம்பி. உன் பேரு உனக்கு. எனக்குப் பேச வந்துடுச்சு" என்றாள் ஜெர்மேன். புள்ளிகள் துளைக்குள் போயின. எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் தலைவர் பக்கம் திரும்பி, "குடையை மறந்துட்டீங்க, வெயிலா இருக்கு, எனக்குத் தலை வலிக்குது" என்றாள். முசே ஒக்தாவ் குடை எடுக்க ஓடினார்.

எல்லாம் வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. அப்பாவின் கீற்று, முதன்முதலில் பறந்தது, அரசலாற்று முகத்துவாரத்தில் மீன் ஏலம் விடும் செவந்தியின் தலைக்கு மேல் இருந்தது.

செவந்திக்கு மூன்று வருஷம் முன்னால் தொண்டையில் ஏதோ வந்து குரல் போய்விட்டது. ஏலம் கூவுவதில் அவளுக்கு நிகர் கிடையாது என்று இருந்தவள், குரல் போனபின் கூடைக்குப் பக்கத்தில் குந்தி விரலைக் காட்டி வியாபாரம் செய்துகொண்டிருந்தாள். கீற்று வந்து உட்கார்ந்த காலையில் வாயைத் திறந்தாள், "ஏலம்!" என்ற சத்தம் ஆற்றைத் தாண்டி, எதிர்க்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

ரோசாலி அவளைப் பார்க்கப் போனாள். செவந்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும் டீச்சரம்மா. ரெனே ஐயாவோடதுதானே இது?"

ரோசாலி ஓர் அடி கிட்டே வந்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"ரெனே ஐயா."

ஊரில் அந்தப் பேரைச் சொல்ல முடிந்த ஒரே வாய் அது.

"மூணு வருஷம் நான் ஊமையா குந்திக்கிட்டு இருந்தேம்மா" என்றாள் செவந்தி. "எம் மருமவன் என்னைக் கூப்பிடறதுக்குக் கையைத் தட்டுவான், மாட்டைக் கூப்பிடறாப்ல. இப்ப நான் ஒரு சத்தம் போட்டா கட்டுமரம் திரும்புது. நீங்க கேட்டா குடுத்துடணும், அடுத்தவங்க பொருளு. ஆனா எங்கையால எடுத்துக் குடுக்க மனசு வரல. நீங்களே எடுத்துக்கங்க."

அவள் தலையைக் குனிந்து காட்டினாள். ரோசாலி கையைத் தூக்கினாள். தூக்கிய கையால் செவந்தியின் தோளில் ஒட்டியிருந்த ஒரு மீன் செதிளைத் தட்டிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டில் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். மறுநாள் காலையில் கோட்டு, தொப்பி, தடி எல்லாம் போட்டுக்கொண்டு முகத்துவாரத்துக்குக் கிளம்பினார். போய்ப் பிடுங்கிக்கொண்டு வரப்போகிறார் என்று ரோசாலி பின்னாலேயே போய்ப் படகு மறைவில் நின்றாள். அப்பா கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். செவந்தி அவரைக் கவனிக்கவில்லை. வஞ்சிரத்தை வாலைப் பிடித்துத் தூக்கி, தலைக்கு மேல் கீற்று வெயிலில் மின்ன, "ஏலம் ஏலம் ஏலம்" என்று அவள் கூவ, குரல் படிப்படியாக ஏறி ஏறிப் போய் உச்சியில் நின்று ஆட, அப்பாவின் தலை அந்தக் குரலோடு சேர்ந்து மெதுவாக நிமிர்ந்து நிமிர்ந்து போனதை ரோசாலி பார்த்தாள். ஏலம் முடியும்வரை நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றி ஒரு தரம் அசைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

வழியில் மகளைப் பார்த்தவர் பத்து நாளுக்குப் பிறகு அவளிடம் பேசினார். "அது அங்கயே இருக்கட்டும் அம்மாடி. என்கிட்ட இருந்தப்ப சுவத்துலதான் தொங்கிச்சு."

"ஜூலை பதினாலுக்கு, பப்பா?"

"வர்றேன். ரென்னுன்னு வாசிச்சா ரென்னுன்னு எந்திரிக்கிறேன். நீ ராத்திரி பகலா உக்காந்து செஞ்சிருக்கே, அதைப் பாக்க வரணும்ல."

ஜூலை பதினாலாம் தேதி காலை சங்கத்துக் கூடம் நிரம்பிவிட்டது. வாத்தியம் வாசித்தார்கள், கொடி ஏற்றினார்கள், பாரீஸ் மதாமுக்கு ரோஜா மாலை போட்டார்கள். ஒல்லியான, நரைத்த முடியை ஒட்ட வெட்டிய, நிறைய ஊர் பார்த்த முகம் அவருக்கு. நோயெல் கேசட்டைப் போட்டார், அது கீச்சிட்டு முடித்தது, திரையில் பேர்கள் வந்தன, ஒன்றைத் தவிர அத்தனையும் தொப்பியோடும் கீற்றோடும் வாலோடும் வந்தன. மதாம் வாசிக்க ஆரம்பித்தார். அந்த்ரே எழுந்தார், எத்தியென் எழுந்தார், மூட்டுகள் சடசடத்தன, ப்ரெஸான் ப்ரெஸான் என்று கூடம் அதிர்ந்தது.

நாற்பதாவது பேரில் கரண்ட் போயிற்று.

திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. பெட்டி அத்தனையையும் மறந்தது. டிவியின் முதுகிலிருந்து குறிகள் ஒரே மூச்சில் பொங்கி வெளியே வந்து, கூடத்தின் உயரமான ஓட்டுக்கூரையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. ரோசாலி கண்ணை மூடிக்கொண்டாள். இந்த இருபது நாள் உழைப்பும் போயிற்று. நோயெல் அவள் முழங்கையைத் தொட்டார். "டீச்சர், கண்ணைத் திறங்க."

குறிகள் மரத்துக்குப் போகவில்லை. அத்தனை நாள் தங்கள் பேர்களோடு சேர்ந்து உட்கார்ந்து பழகியதால், பேர்களுக்குரியவர்களைத் தேடி இறங்கின. ஜெரோமின் வழுக்கைக்கு மேல் கீற்றும் தொப்பியும். ஃப்ரான்சுவாவின் மோவாய்க்குக் கீழே வால். நோயெலின் சுருட்டை முடிக்கு மேல் இரண்டு புள்ளி. பாரீஸ் மதாம் கொஞ்சம் பார்த்தார். ரோசாலியிடமிருந்து ரிஜிஸ்தரை வாங்கி, எழுத்துகளைத் தாளிலும் குறிகளைத் தலைகளின் மேலும் பார்த்துப் பார்த்து, ஒரு தவறும் இல்லாமல் வாசித்துக்கொண்டே போனார். டிவியைப் பார்த்து வாசித்தபோது ஒரு முகத்தையும் அவர் பார்க்கவில்லை. இப்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்து, சிரித்து, வாசித்தார்.

சூசைநாதன் என்ற இடத்துக்கு வந்தார். தாளைப் பார்த்தார். முதல் வரிசையில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்த கிழவரின் தலைக்கு மேலே பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி தாளைப் பார்த்தார். "ரெ..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அப்பா தடியை ஊன்றி, பாதி எழுந்து, ரென்னாக எழுந்திருக்கத் தயாராக நின்றார். ரோசாலிக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது, அவள் நாக்குக்குத் தெரியும் தன்னால் முடியாதென்று.

வாசலில் விருந்துக்கு மீன் கொண்டுவந்திருந்த செவந்தி கூடையை இறக்கி வைத்தாள். ஒரு கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ரெனே...! ரெனே சூசைநாதன் ஐயா!"

அந்தக் கடைசி எழுத்து ஏறியது, ஏறிக்கொண்டே போனது, ஓடுகள் கலகலத்தன, வாத்தியக்காரர்களின் பித்தளையில் அது ரீங்கரித்தது, தெருவில் சைக்கிள்கள் நின்றன, ஆற்றில் ஒரு படகு திரும்பியது. அவருடைய எழுபத்தெட்டு வருஷத்தில் அந்தப் பேரை அவ்வளவு சத்தமாக, அவ்வளவு முழுசாக யாரும் கூப்பிட்டதில்லை. மதாம் அவள் பக்கம் தலைவணங்கிவிட்டு, "ரெனே சூசைநாதன்" என்றார். கூடம் முழுக்க, வழுக்கலே இல்லாமல், ரெனே, ரெனே என்று சொல்லிப் பார்த்துக்கொண்டது. ரோசாலியும் சொன்னாள். பப்பா என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகிய அவள் முதல் தடவையாக அப்பாவின் முகத்தைப் பார்த்து அவர் பேரைச் சொன்னாள்.

அப்பா தடியை நாற்காலியில் சாத்திவிட்டு, அது இல்லாமலே நிமிர்ந்து நின்றார்.

"ப்ரெஸான்!"

கைதட்டல் ஓயுமுன் கரண்ட் வந்துவிட்டது. நோயெல் கேசட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "லோட் பண்ணட்டுமா ரோசாலி?" என்றார். டீச்சர் என்று சொல்லவில்லை என்பதை இருவருமே கவனித்தார்கள்.

"இருக்கட்டும், எல்லாரும் சாப்பிட்டு முடிக்கட்டும்" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு மற்ற குறிகளெல்லாம் அதனதன் தாள்களுக்குத் திரும்பிவிட்டன. அப்பாவின் சட்டத்தில் மட்டும் கடைசி எழுத்துக்கு மேல் வெள்ளையாகவே இருந்தது, ஆனால் அந்த ஊரில் யாருடைய நாக்கும் அதற்குப்பின் அந்தப் பேரில் தடுக்கவில்லை. அப்பா தினமும் காலையில் முகத்துவாரத்துக்குப் போக ஆரம்பித்தார். மீன் வாங்கத்தான் போகிறேன் என்றார். செவந்தியும் அவர் வருவதைத் தூரத்தில் பார்த்ததும், முதல் ஏலத்துக்கு முன்னால், தொண்டையைச் சரிபார்த்துக்கொள்வது போல அந்தப் பேரை ஒரு தரம் கூவுவாள். அவர் பதில் சொல்லிவிட்டு ஒரு கூடை நிறைய வாங்கிக்கொண்டு வருவார். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் அவ்வளவு மீனையும் என்ன செய்வது? ரோசாலி நாலு நாள் பார்த்தாள். ஐந்தாம் நாள் டிவி கடைக்கு ஆள் அனுப்பி, மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னாள். நோயெல் அன்றைக்கும் வந்தார், மறுநாளும் வந்தார், ஐப்பசி மாதம் கல்யாணம் ஆகிறவரை ஒரு நாள்கூட மீன் மிச்சமாகவில்லை.